விதைக்காட்டில் நரிப்பயறு

ஆகஸ்ட் 11

மேலநெடுங்கரைக்கு வந்து சேர்ந்தேன். அறை மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே. புண்ணாக்கு வாடை பையிலிருக்கும் துவைத்த சட்டைக்குள்ளும் போய்விட்டது. குழாயைத் திறந்தால் முதலில் எறும்பு வருகிறது, பிறகு தண்ணீர்.

விதைக் கம்பெனி கொடுத்த டைரியில் தினசரி வேலையை எழுதி மாதக் கடைசியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் எழுத முடியாததை இந்த நோட்டில் எழுதுகிறேன். நாலு வருடம் விவசாயக் கல்லூரியில் படித்ததற்கு இந்த ஊர் கிடைத்திருக்கிறது என்பதை அந்த டைரியில் எழுத முடியாது.

காடு பார்த்தேன். சீனியம்மாள் என்பவருடைய ஆறு ஏக்கர் கரிசல் நிலம். வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், விவசாயம் முழுக்க இவர்தான். புரட்டாசி மழைக்கு இதில் விதை உளுந்து போடப்போகிறோம். விதைச்சான்று ஆய்வில் தேறினால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். தேறாவிட்டால் சாதாரண உளுந்தாக மில்லுக்குப் போகும். இந்த ஊரில் இதுதான் முதல் விதைக்காடு. இதைத் தேறவைப்பதுதான் என் வேலை.

காடு சுத்தம். வரப்புதான் கண்றாவி. கோடை மழை நன்றாகப் பெய்திருக்கிறது போல, நாலு பக்கமும் ஓடைக்கரையும் நரிப்பயறு அப்பிக்கிடக்கிறது. மூன்று மடலாகக் கிழிந்த இலை, பூனை நகம் போல மஞ்சள் பூ, தீக்குச்சியைவிட மெல்லிய காய். சொந்தமாக நிற்க அதற்குத் தண்டு இல்லை. எது நிற்கிறதோ அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். கருவேல முள், எருக்கு, போன வருடப் பருத்திமார்க் குச்சி, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றின் மேலும் படர்ந்திருக்கிறது. உளுந்துக்குக் காட்டு உறவு. உளுந்தோடு சேர்ந்து முளைத்து, அதையே சுற்றி ஏறி, அதோடு சேர்ந்து அறுபடும். ஆய்வில் முதலில் இதைத்தான் தேடுவார்கள்.

ஆகஸ்ட் 14

ஆறு பெண்களை வைத்து ஒரு நாள் முழுக்கப் பிடுங்கினேன். ஒரு பக்க வரப்பில் பாதிகூட முடியவில்லை. இழுத்தால் கொடி மட்டும் கையோடு வருகிறது, வேர் சொகுசாக உள்ளேயே இருந்துகொள்கிறது. காய்ந்த காய் கை பட்டதும் வெடித்து, முறுக்கிக்கொண்டு, விதையை முகத்தில் தெறிக்கவிடுகிறது. களை எடுக்கிறேன் என்று கூலி கொடுத்து விதைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்றேன். சீனியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வரப்புப் புல்லத்தான் எம்மாடு திங்குது. மருந்த அடிச்சுப்புட்டு மாட்டுக்கு என்ன தம்பி குடுப்பீக, ஆபீஸ் காயிதமா?"

பெண்கள் சிரித்தார்கள். அதில் பெரியதாய் என்பவர் மட்டும் கொஞ்சம் உபயோகமாகப் பேசினார். "இதுக்குப் போயி மல்லுக்கட்டுதீகளே சார். செம்மறிக்கு இது அல்வால்லா. சோணமுத்து ஆடு வந்துச்சுன்னா ஒரே வாரத்துல மொட்டையடிச்சிரும்."

அல்வா. சரி.

ஆகஸ்ட் 16

சோணைமுத்துவைப் பார்த்தேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரன். முந்நூறு செம்மறி. அப்பா காலத்திலிருந்து ஆடி ஆவணியில் இந்தப் பக்கம் வந்து கிடை போடுகிறவர்கள். கிடை என்றால் ராத்திரி ஆடுகளை ஒரு காட்டில் இடம் மாற்றி மாற்றி அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நரைத்த தாடியோடு யாராவது வருவான் என்று நினைத்தேன். முப்பது வயதுதான். காதில் ப்ளூடூத். ஆட்டை அதட்டுகிறானா போனில் மாமனாரோடு பேசுகிறானா என்று தெரியவில்லை. கூடவே மனைவி அழகுமீனாள். பன்னிரண்டாவது படித்தவளாம். என் ஷூவைப் பார்த்தாள்.

பேசி முடித்தேன். வரப்பையும் ஓடைக்கரையையும் ஆடு மேய்ந்து தீர்க்கும். பிறகு அதே ஆட்டைக் காட்டில் கிடை போட்டு உரம் ஏற்றுவது. ஒரே செலவில் களையும் போகும், உரமும் ஆகும். இதை இந்த ஊரில் ஒருத்தனும் யோசித்ததில்லை.

ஆடுகள் அருகில் வந்து தும்முகின்றன. பேன்ட்டில் என்னென்னவோ ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 19

வரப்பு மொட்டை. காய், இலை, கொடி எதுவும் இல்லை. நாலு நாளில் முடித்துவிட்டன.

நாளைக்கே கிடையைக் காட்டுக்குள் போடச் சொன்னேன். 22-ம் தேதி ஏரியா மேனேஜர் வரதன் சார் வருகிறார். அவர் பார்க்கும்போது ஆடு காட்டில் நிற்க வேண்டும்.

"நாளைக்கு வேணாம் சார்," என்றான் சோணைமுத்து. "வகுறு பூராம் நரிப்பயத்தங்காயா இருக்கு. மூணு ராத்திரி கம்மாக்கரையில போட்டுட்டு நாலாம் ராத்திரி வாரோம்."

"எதுக்கு?"

"வகுறு கழியணும்ல. வெதைக்கிற காட்டுக்குள்ள வெறும் வகுறோடதான் எறக்குவோம். அது எங்க வழக்கம்."

மூன்று நாள் கதை. இடையில் வேறு எவனாவது கூப்பிட்டால் அங்கே போய்விடலாம், அதற்குத்தான் இந்த வழக்கம். "ஆட்டுக்கு நாலு வயிறுப்பா. எல்லாம் செரிச்சிரும். நான் இதைத்தான் படிச்சிருக்கேன்" என்றேன்.

அவன் சீனியம்மாளைப் பார்த்தான். அவர் முந்தானையில் ஒட்டியிருந்த நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"காட்டுக்காரவுக சொல்லட்டும்" என்றான்.

"ஆபீசரு சொல்றாருல்ல" என்றார் அவர்.

"அப்பச் சரி. ஒங்க காடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். எதைச் சொன்னாலும் ஒரு முறை முகத்தைத் தூக்காமல் இந்த ஊரில் யாரும் வேலை செய்வதில்லை.

ஆகஸ்ட் 20

கிடை விழுந்தது. அறை வரைக்கும் நாறுகிறது.

ஆகஸ்ட் 22

வரதன் சார் வந்தார். மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார். படம் எடுக்கும்போது மட்டும் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஓர் ஆட்டின் தலையில் கை வைத்தார். பிறகு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கார் வரைக்கும் நீட்டிக்கொண்டே போனார்.

"உயிரியல் முறைக் களைக் கட்டுப்பாடு, யோகேஸ்வரன் அறிமுகம்" என்று குரூப்பில் போட்டிருக்கிறார். நாற்பத்தியொரு கைதட்டல். நல்ல பெயர்தான். ஆனால் படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கிறது.

செப்டம்பர் 30

மழை நேற்றும் முந்தாநாளும். விதைத்தாயிற்று. கரிசல் சேறு ஒரு காலுக்கு இரண்டு கிலோ ஒட்டுகிறது. ஷூவைக் கடப்பாரையால் சுரண்டினேன்.

அக்டோபர் 7

உளுந்து முளைத்துவிட்டது. நல்ல முளைப்பு. வரிசைக்கு நடுவிலும் ஏதோ முளைத்திருக்கிறது. போன வருடப் பாசிப்பயறாக இருக்கும்.

அக்டோபர் 10

பாசிப்பயறு இல்லை.

அக்டோபர் 11

மூன்றாவது இலை விரிந்துவிட்டது. மூன்று மடல். நரிப்பயறு. ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து காட்டில் இருபது இடத்தில் வைத்து எண்ணினேன். சராசரி பதினொன்று. பிறகு மேற்கு மூலையில், கிடை முதல் ராத்திரி விழுந்த இடத்தில் வைத்தேன். முப்பத்தி நாலு. அதற்கப்புறம் சட்டத்தை வைக்கவில்லை.

வரப்பில் ஒன்றிரண்டுதான். அத்தனையும் காட்டுக்குள்.

அக்டோபர் 12

இதை எழுதியே ஆக வேண்டும். ஒரு நாற்றைப் பிடுங்கினேன். வேரில் ஆட்டுப் புழுக்கை கோத்துக்கொண்டு வந்தது. புழுக்கையைத் துளைத்துத்தான் வேர் இறங்கியிருக்கிறது. இன்னும் முளைக்காத புழுக்கைகளைப் பொறுக்கி, அறையில் தட்டில் வைத்து, பிளேடால் பிளந்தேன். சாப்பிடுகிற தட்டு. வேறு தட்டு இல்லை. உள்ளே விதை. கருப்பு, பழுப்பு, பளபளவென்று, இன்றைக்குத்தான் காயிலிருந்து வந்தது மாதிரி. ஒரு புழுக்கையில் மூன்றுகூட இருந்தது.

கடின விதையுறை. மூன்றாம் வருடம், பத்து மதிப்பெண் கேள்வி. அமிலத்தில் ஊறினால் உறை இளகும், முளைப்புத் திறன் கூடும் என்று எழுதி ஒன்பது வாங்கினேன். ஆட்டு வயிற்றில் என்ன இருக்கிறது என்று அந்தக் கேள்வியில் கேட்கவில்லை.

தட்டை மூன்று முறை கழுவினேன். இன்று சாப்பாடு பரோட்டாக் கடையில், இலையில்.

அக்டோபர் 13

ஆகஸ்ட் 19-ல் எழுதியிருந்ததைப் படித்துப்பார்த்தேன். கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.

அக்டோபர் 17

பதினெட்டுப் பேரை இறக்கிப் பிடுங்குகிறோம். அதற்குள் கொடி ஓடிவிட்டது. உளுந்துச் செடியை இடுப்பில் பிடித்துச் சுற்றியிருக்கிறது. நரிப்பயறை இழுத்தால் உளுந்தும் வருகிறது.

"ரெண்டையும் பிடுங்குனா சம்பளமும் ரெண்டா சார்?" என்று பெரியதாய் கேட்டார்.

"நீ சும்மா இரு மதினி," என்றது இன்னொரு குரல். "சாரே நரிப்பயத்துக்குச் சான்று வாங்கிருவோமான்னு ரோசன பண்ணிக்கிட்டு இருக்காரு."

இவ்வளவு சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. சீனியம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த வரிசையில் குனிந்து, ஒவ்வொரு கொடியாக நகத்தால் கிள்ளிப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு உளுந்துகூட வரவில்லை. மத்தியானம் வரைக்கும் அரை வரிசை.

நானும் பிடுங்கினேன். விரலிடுக்கில் பச்சைச் சாறு கறுத்து ஒட்டியிருக்கிறது. சோப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 25

மறுபடி மழை. மறுபடி முளைக்கிறது. பிடுங்கிய இடத்திலேயே.

நவம்பர் 4

விதைச்சான்று அலுவலர் வந்தார். அமைதியான மனிதர். நாலு இடத்தில் எண்ணினார், ஐந்தாவது இடத்துக்குப் போகவில்லை. "பூப்பருவத்துலயே இப்படின்னா கஷ்டம் தம்பி" என்று சொல்லித் தள்ளுபடி என்று எழுதினார். அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

காடு பார்க்க ஊரே வரப்பில் நின்றது. சீனியம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் மாட்டை அவிழ்க்கப் போனார்.

வரதன் சார் போன் செய்தார். அந்த நாற்பத்தியொரு கைதட்டல் பற்றி அவர் பேசவில்லை. "விளக்கம் வேணும் யோகேஸ்வரன். நம்ம மேலயும் பழி வரக்கூடாது, விதை உற்பத்தியாளர் மேலயும் வரக்கூடாது. புரியுதா?"

புரிந்தது.

நவம்பர் 5

விளக்கம் அனுப்பினேன். "கிடை மேய்ப்பாளர் வெளியிடத்தில் களைக் காய்களை மேயவிட்டு, உரிய இடைவெளியின்றி ஆடுகளை விதைப் பண்ணையில் அடைத்ததால் களை விதைகள் பரவியுள்ளன."

இதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. வரப்பு காட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இடைவெளி விடவில்லை என்பதும் உண்மை. நாலு முறை திருத்தினேன். இரண்டாவது திருத்தத்தில் "அறிவுறுத்தலின்படி" என்று ஒரு சொல் இருந்தது.

நவம்பர் 7

ஊர்க்கூட்டம், மந்தைத் திடலில், வேப்பமரத்தடியில். கம்பெனியிலிருந்து என் விளக்கத்தின் நகலை ஊர்த்தலைவர் வெங்கடசாமிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சோணைமுத்துவை வரச்சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஊர்த் தரிசில்தான் ஆடு நிற்கிறது. ப்ளூடூத் இல்லாமல் வந்திருந்தான்.

"சாரு சொல்லித்தான் போட்டேன்," என்றான். "மூணு ராத்திரி தாங்கன்னு கேட்டேன். வேணாம்னு சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன்," என்றேன். "அதுல எல்லாம் இருக்கு."

"எழுதுனவரு படிச்சவருப்பா" என்று யாரோ சொன்னார்கள். சீனியம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். தரையில் கிடந்த வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தார்.

வெங்கடசாமி தீர்த்துச் சொன்னார். "ஒங்கப்பன் காலத்துல இருந்து வாரீக. அதுக்காக வெதக்காட்டக் கெடுக்க விட முடியுமா? இனிமே ஒன் ஆடு இந்த ஊரு எல்லைய மிதிக்கப்படாது."

சோணைமுத்து கும்பிட்டான். கும்பிடும்போது என் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மந்தையைத் தாண்டி, அப்புறம் போட்டுக்கொண்டான்.

டீக்கடையில் வடை ஊசிப்போயிருந்தது. கடித்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 8

சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். காட்டில் மிச்சத்தை என்ன செய்வது என்று பேசத்தான் போனேன். அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கி நானும் அங்கனதான தம்பி நின்னேன்."

"என்னைக்கு?"

"தெரியாத மாரிக் கேக்காதீக."

"அப்ப நேத்து கூட்டத்துல சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

உருவிய ஈர்க்கை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிறகு சொன்னார்: "தப்பு வெளியாளு மேலன்னாத்தான் அடுத்த வருசமும் எனக்கு வெத தருவாகளாம். ஒங்க மேனேஜரு போன் போட்டாரு. நான் ஊருக்குள்ள மொத ஆளா வெதக்காடு போட்டவ. தோத்துட்டான்னு பேரு எடுக்க முடியுமா? அவனுக்கு ஆடு இருக்கு, இந்த ஊரு இல்லன்னா இன்னொரு ஊரு."

"ஆமா" என்றேன். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், அதே வரிசையில்.

"உக்காருங்க, சாப்புட்டுப் போவீகளாம்" என்றார். கருவாட்டுக் குழம்பு. அருமையான குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டது, இந்த ஊருக்கு வந்து நான் பார்த்ததிலேயே கேவலமான காட்சி.

நவம்பர் 16

விளாத்திகுளத்துக்கு மருந்து வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் காடு வைத்திருக்கும் இரண்டு சம்சாரிகள். தை அறுப்பு முடிந்ததும் யார் ஆட்டைக் கிடைக்குப் பேசுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையிலேயே பேசி வைத்துவிடுவார்களாம்.

"சோணமுத்து வந்தானே?"

"எவன், நரிப்பயத்தங்காரனா? வேணாம்யா. அவன் ஆடு புழுக்கை போடாது, வெத போடும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்படிதான் சொன்னார். அதுதான் கொடுமை. இந்த மாதிரிப் பெயர் ஒரு ஊரோடு நிற்காது. கேட்டதில் தெரிந்தது: நாலு ஊரில் மறுத்துவிட்டார்கள். ஒரு கிடைக்காரனுக்கு ஊர்கள்தான் எல்லாம். தை, மாசி, பங்குனிக்கு ஊர் இல்லையென்றால் ஆட்டை விற்பதைத் தவிர வழியில்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஆடை படிந்திருந்தது.

நவம்பர் 18

சோணைமுத்துவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து எடுத்தேன். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் இந்த விஷயம் முடிந்தது.

நவம்பர் 19

முடியவில்லை.

பதினான்கு கிலோமீட்டர், ஓடைப்பட்டித் தரிசு. சோணைமுத்து ஒரு ஆட்டை மல்லாத்திப் பிடித்துக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குளம்பைப் பார்த்தார். அழகுமீனாள்தான் கையை நீட்டினாள்.

வாய்விட்டு வாசித்தாள். "நரிப்பயறின் விதையுறை கடினத்தன்மை மற்றும் கால அவகாசமின்மை காரணமாக, ஆடுகளின் செரிமான மண்டலம் வழியே விதைகள் பரவ நேர்ந்தது. இது எதிர்பாராத இயற்கை நிகழ்வு என்பதால் மேய்ப்பாளரை மட்டும் பொறுப்பாக்க இயலாது."

முழுக்க வாசித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இதுல ஆடு இருக்கு, செடி இருக்கு, வகுறு இருக்கு. மூணு ராத்திரி கேட்ட ஆளு எங்க? வேணாம்னு சொன்ன ஆளு எங்க?"

"அர்த்தம் அதுதாங்க."

"அர்த்தம் எனக்குப் புரியுது. ஊரு ஊரா நான் கூடப் போயி அர்த்தம் சொல்ல முடியுமா?" தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "'மட்டும்'னு வேற போட்டிருக்கீக. அப்ப பாதி எங்க மேலயா?"

சோணைமுத்து ஆட்டை விட்டுவிட்டு எழுந்தார். "விடு புள்ள. படிச்சவுக கைக்கு அம்புட்டுத்தான் வரும்." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போல என்று சொல்வதைப் போலச் சொன்னார். திட்டியிருந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

இந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்தேன். பைக் சீட்டில் வைத்து எழுதினேன். ஓர் ஆடு முழங்காலில் உரசிக்கொண்டே நின்றது. அதை விரட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எழுதியது இவ்வளவுதான்:

"மேலநெடுங்கரை சீனியம்மாள் காட்டு வரப்பில் நரிப்பயறை மேய்க்கச் சொன்னவன் நான். மூன்று ராத்திரி ஆட்டை வெளியில் வைத்திருந்துதான் காட்டுக்குள் இறக்க வேண்டும் என்று சோணைமுத்து சொன்னார். வேண்டாம், மறுநாளே இறக்கு என்றேன். அவர் மேல் தப்பு இல்லை. கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம் பொய்."

கடைசி வரியை எழுத மாட்டேன் என்றுதான் நினைத்தேன். கை எழுதிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

"போன் நம்பரையும் எழுதச் சொல்லு," என்றார் அவர் மனைவியிடம். "கேக்கிறவன் கேப்பான்."

எழுதினேன். அழகுமீனாள் மறுபடி வாசித்தாள், இந்த முறை வாய்க்குள். தலையை ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் சோணைமுத்து, "சரி கெளம்புங்க சார், வண்டிச் சத்தத்துக்கு ஆடு கலையுது" என்றார்.

நவம்பர் 20

அந்தக் கடைசி வரி இல்லாமலே போதுமானதாக இருந்திருக்கும். வரதன் சார் கையில் கிடைத்தால் அன்றைக்கே வேலை போகும். அம்மாவுக்கு என்ன சொல்வது. சென்னையில் மாமா பையன் இருக்கிற கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம்.

திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். எப்படிப் பேசுவது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "ஒரு எழுத்துப் பிழை இருக்கு, மாத்தித் தர்றேன்." இப்படியெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 27

யாரும் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாக இருப்பது பிடிக்கவில்லை.

நவம்பர் 30

காட்டில் உளுந்து காய் பிடித்துவிட்டது. அதன் மேல் ஏறியிருக்கும் நரிப்பயறும் காய் பிடித்துவிட்டது. பாரபட்சம் இல்லாத மண். சீனியம்மாள் மில்காரரோடு பேசி வைத்திருக்கிறார். சீனியம்மாளிடம், சோணைமுத்துவுக்கு எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"என் பேரு போட்டிருக்கீகளா?"

"காடு உங்க காடுன்னு மட்டும்தாங்க்கா."

"நான் நின்னத எழுதலையே?"

"இல்ல."

"சரி" என்றார். அந்தச் சரியில் இருந்த ஆறுதலைக் கேட்கச் சகிக்கவில்லை. என் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும், அந்த 27-ம் தேதி முழுக்க.

டிசம்பர் 4

காலை பத்தேகால். தெரியாத நம்பர்.

"ஏம்பா, யோகேசுவரங்கிறது நீங்களா? நான் புதூர்ல இருந்து பேசுதேன். இங்க சோணமுத்துன்னு ஒரு கிடைக்காரன் வந்து கடுதாசி ஒண்ணு காட்டுதான். அறுப்பு முடிஞ்சி எங்க ஊர்ல எறங்கணுங்கான். எங்காளுக நம்ப மாட்டேங்காக. கீழ கையெழுத்து இருக்கு. இது நீங்க போட்டதா?"

பின்னால் நாலைந்து பேர் பேசுவது கேட்டது. ஒரு ஆடு கத்தியது. ஒருவர், "போனப் போடுன்னு அவனேதாம்யா சொல்லுதான்" என்றார். சோணைமுத்துவும் அங்கேதான் நிற்கிறார் என்று தெரிந்தது. அவருடைய தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் என் வாயில் இருந்தது.

ராங் நம்பர் என்று சொல்லலாம். எந்தக் கடுதாசி என்று கேட்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம்; இதைத்தான் ஆபீஸில் சொல்வோம். மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன, நன்றாகத் தயாராகி, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு.

"லைன்ல இருக்கீகளா?"

"நான் போட்டதுதான்," என்றேன். "எழுதியிருக்கிற எல்லாமே உண்மை."

"கடைசி வரியுமா?"

"கடைசி வரியும்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

வேறு எதுவும் கேட்கவில்லை, பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. போனைப் பார்த்தேன். மொத்த அழைப்பு ஐம்பத்தியிரண்டு விநாடி. அவர் பேசியதையும் நான் பேசியதையும் மறுபடி சொல்லிப் பார்த்து, கடிகாரத்தில் கழித்துப் பார்த்தேன். பத்தொன்பது விநாடி மிச்சம் வருகிறது. அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் சோணைமுத்துவை அத்தனை பேர் நடுவில் நிற்கவைத்திருக்கிறேன்.